தொண்டைக்காரி

நாச்சிமுத்து நடத்தும் கூட்டத்தில் டீ ஆறாது. கோயம்புத்தூர் பம்ப் தொழிலில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் பெருமை இது. டீ மேசைக்கு வரும்போது கூட்டம் தொடங்கும். கடைசி மடக்கைக் குடிக்கும்போது முடிந்திருக்கும். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் திங்கட்கிழமை காலையில் உள்ளே போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வெளியே வருவார்கள். அவர்களுக்கு இவரைப் பார்த்து வயிற்றெரிச்சல்.

அவருடைய ரகசியம் ரொம்பச் சின்னது. கூட்டத்தின் முடிவில் "வேற ஏதாவது?" என்று கேட்பார். கேட்கும்போதே இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றியிருக்கும், உடம்பு பாதி எழுந்திருக்கும். எழுந்துவிட்ட பெரிய மனிதரை மறுபடி உட்கார வைக்க நம் ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

அந்த நாற்காலி மேசையின் தலைமாட்டில் இருந்தது. முதலாளி வேணுகோபால் அதற்கு இடப்பக்கம் உட்காருவார். முதலாளியின் தாத்தா கிணற்றுக்குப் பம்ப் செய்தார், அப்பா போர்வெல்லுக்குச் செய்தார், இவர் மனிதர்களின் நெஞ்சுக்குச் செய்கிறார். எலுமிச்சம்பழ அளவில் ஓர் இதயப் பம்ப். ஐந்து வருட உழைப்பு. அதன் உற்பத்திக்கு நாச்சிமுத்துதான் தலைவர்.

போன வருடம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய பம்ப்புகள் மொத்தமாகத் திரும்பி வந்தன. கம்பிச் சுருளின் பூச்சு சரியில்லை. முதலாளி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பூச்சு மோசம்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லலாம்னு வாயத் தொறந்தோமுங்க. அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சுபோச்சுங்க."

முதலாளி நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த மாதம் ஒரு கருவி வந்து இறங்கியது.

பார்ப்பதற்கு மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம் போல இருந்தது. கூடவே ஆளுக்கொன்றாகக் கழுத்தில் கட்டிக்கொள்ள மெல்லிய துணிப் பட்டைகள். அதை நிறுவ வந்த பொறியாளர் இமானுவேல் விளக்கினார்.

"மனசுல ஒரு வார்த்தை வந்தா அது மனசோட நிக்காதுங்க சார். தொண்டைத் தசை பேசறதுக்குத் தயாராயிடும். நீங்க சொல்லாம விழுங்கிட்டாலும் அந்த அசைவு நடந்திருக்கும். பட்டை அதப் பிடிச்சுக்கும்."

"என்ன வார்த்தைன்னு தெரிஞ்சுருமா?" என்று கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. கேட்டவரின் நெற்றி வேர்த்திருந்தது.

"சத்தியமா தெரியாதுங்க. விழுங்கினீங்கன்னு மட்டுந்தான் தெரியும். யாரு அதிகமா விழுங்கறாங்களோ, அவங்களக் கூப்பிட்டுப் பேச வைக்கும். பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காது. கடைசில யாரு என்ன செய்யணும்னு ஒரு தடவ சொல்லி முடிச்சுரும்."

"நல்லதாப் போச்சு," என்றார் முதலாளி. "இனி கூட்டத்த இதே நடத்தட்டும். நாச்சிமுத்து, நீங்களும் எங்களாட்ட ஒரு ஓரமா உக்காந்து நிம்மதியா டீயக் குடிங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் தலைமாட்டு நாற்காலியை அன்றே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முக்காலி போட்டுச் சம்படத்தை வைத்தார்கள். நாச்சிமுத்து புகைப்படத்துக்கு நிற்பவர் போலச் சிரித்துக்கொண்டே பட்டையைக் கட்டிக்கொண்டார்.

முதல் கூட்டத்தில், பேச்சு பாதியில் இருக்கும்போது சம்படத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"பூங்கோதை அவர்களிடம் ஒரு வார்த்தை நிற்கிறது."

பூங்கோதை கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டாள். உடுமலைப்பேட்டைப் பெண். அதிர்வியலில் மேற்படிப்பு படித்துவிட்டு ஒலிச் சோதனை அறையில் வேலை பார்க்கிறாள். பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது சொல்வதுதான் வேலை. சேர்ந்ததிலிருந்து கூட்டத்தில் அவள் பேசியது "குட் மார்னிங் சார்" ஒன்றுதான். இப்போது எல்லோரும் அவளையே பார்த்ததால் வேறு வழியில்லாமல் பேசினாள். பேரிங் எனப்படும் தாங்கிகளை இறுக்கும் முறையை மாற்றினால் பாதி இரைச்சல் குறையும் என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். அறையில் ஒருவரும் டீயைத் தொடவில்லை.

"அட, ஏன் அம்மிணி, இதையெல்லாம் இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் முதலாளி. "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நீங்க பேசறது சன்னமா இருக்குது, எனக்குக் கேக்கோணுமல்ல."

நாச்சிமுத்து இருபது வருடமாக அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறார். ஒரு நாளும் முதலாளி அவரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னதில்லை. உங்கள் பேச்சு கேட்கவில்லை என்று வருத்தப்பட்டதுமில்லை. கேட்காமல் இருக்கும்படி இவர் எப்போது பேசினார் என்பது வேறு விஷயம். அந்த 'அம்மிணி' அவர் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. வீட்டுக்குப் போய் இலை முன் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. பூங்கோதை கூட்டத்தில் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்றிருந்தது, சிரிக்காவிட்டால் திமிர் என்றிருந்தது. வாரா வாரம் சம்படம் அவளைக் கூப்பிட்டது. சரக்கறைக் காப்பாளரைக் கூப்பிட்டது. நெற்றி வேர்த்த கொள்முதல்காரரைக்கூடக் கூப்பிட்டது. ஆட்கள் அதற்குத் தொண்டைக்காரி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அந்தத் தொண்டைக்காரி நாச்சிமுத்துவை மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

"உங்களக் கூப்பிடாதுங்க சார்," என்று யாரோ சிரித்தார்கள். "நீங்கதான் எதையும் முழுங்கறதே இல்லையே."

வாய்க்கு வந்ததை அப்போதைக்கப்போதே சொல்லிவிடுகிறவரிடம் விழுங்குவதற்கு என்ன இருக்கும்? வாழ்க்கையில் முதல் தடவையாக, அது ஒரு குறையாக அவருக்குத் தெரிந்தது.

இமானுவேல் மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தபோது, அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய்ப் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, ஒருத்தன் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாமயே, சும்மா தொண்டைக்குள்ள பேசிப் பேசி முழுங்கினா, அது கண்டுபிடிச்சுருமா?"

இமானுவேல் யோசித்தார். "கண்டுபிடிக்காதுங்க சார். ஆனா அப்படி யாரு பண்ணப் போறா? கூப்பிட்டா எந்திரிச்சு எதையாவது பேசியாகணுமே."

பேசுவதா கஷ்டம்? நாச்சிமுத்து இன்னொரு போண்டா வாங்கிக் கொடுத்தார்.

காரில் பயிற்சி நடந்தது. அவினாசி ரோட்டு சிக்னலில் நின்றபடி, உதட்டை அசைக்காமல், 'நான்தான், நான்தான், நான்தான்' என்று தொண்டைக்குள் சொல்லி விழுங்குவார். வீட்டில் செய்தி பார்க்கும்போதும் அதே. மனைவி சரோஜினி கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, தொண்டையில மீன் முள்ளா? வெறுஞ்சோத்த உருட்டி முழுங்குங்க."

"உனக்கொண்ணும் தெரியாது, சும்மா இரு."

அடுத்த திங்கட்கிழமையே பலன் கிடைத்தது. "நாச்சிமுத்து அவர்களிடம் ஒரு வார்த்தை நிற்கிறது" என்று தொண்டைக்காரி சொன்னதும் அறையே வியந்தது. முதலாளி, "அட, நீங்களுமா!" என்றார். நாச்சிமுத்து தயங்குவது போல ஒரு கணம் தயங்கிவிட்டு, விநியோகத்தைப் பற்றி அழகாகப் பேசினார். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. பிறகு மூன்று. ஒரு கூட்டத்துக்குள் இத்தனை அழைப்புகள்தான் அடங்கும். அவர் தொண்டை நிறைய நிறைய, பூங்கோதையைக் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது.

கூப்பிடாவிட்டால் என்ன, கையைத் தூக்கிப் பேச வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் வினை. தொண்டைக்காரி வந்த பிறகு கையைத் தூக்கும் பழக்கமே அந்த அறையிலிருந்து போய்விட்டது. அழைக்காமல் பேசுவது, பந்தியில் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வது போல ஆகிவிட்டது. அதைவிட மோசம், தன்னைக் கூப்பிடவில்லை என்றால் தன் வார்த்தை அவ்வளவு முக்கியமில்லை என்று ஒவ்வொருவரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள். முன்பு பயத்தில் வாயை மூடினார்கள். இப்போது அடக்கத்தில் மூடினார்கள்.

இதற்கிடையில் முதலாளியின் இதயம் தளர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர்கள் பம்ப் வைத்தாக வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் பம்ப் வாங்கலாம் என்று மகள் அமெரிக்காவிலிருந்து அழுதாள். அவர் கேட்கவில்லை.

"நான் செஞ்சத நானே வெச்சுக்கலைன்னா ஊர்ல எவன் வெச்சுக்குவான்? முதல் பம்ப் எனக்குத்தான்."

அந்தக் கம்பெனியில் தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. புது ரகத்தின் முதல் பம்ப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் அதை வெளியே அனுப்ப மாட்டார்கள். பொட்டு வைப்பவர் உற்பத்தித் தலைவர். இதயப் பம்ப் ஒன்றாம் எண்ணுக்கும் பூஜை நடந்தது. நாச்சிமுத்து மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டபோது பூங்கோதை மெதுவாகச் சொன்னாள்.

"சார், பெட்டி மேல வெச்சாப் போதுங்களே. பொடி எப்படியாவது உள்ள..."

"பூஜை பெட்டிக்கா பண்றோம், பம்ப்புக்கா?" என்றார் நாச்சிமுத்து.

முதலாளி சிரித்துவிட்டார். "வெக்கட்டும் அம்மிணி. அப்புறமா கழுவிச் சுத்தம் பண்ணித்தானே அனுப்பறோம்." அவர் தன் பக்கம் பேசிய சந்தோஷத்தில் நாச்சிமுத்து பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்.

கடைசிக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை. அந்தக் கூட்டம் ஒப்புதல் கொடுத்தால் ஒன்றாம் எண் பம்ப் மருத்துவமனைக்குப் போகும். முதலாளி கூட்டம் முடிந்து நேராக அங்கே போய்ப் படுக்க வேண்டும், மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அவர் முகம் வெளுத்திருந்தது, படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. பூங்கோதை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து ஒருமுறை ஏறி இறங்குவதை நாச்சிமுத்து எதிரிலிருந்து பார்த்தார்.

ஏதோ வைத்திருக்கிறாள். இன்றைக்கும், முதலாளி புறப்படும் நேரத்தில், கடைசியாக அவர் காதில் விழப்போவது இவள் பேச்சுதான். அதை நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான்தான், நான்தான், நான்தான், நான்தான்.

"நாச்சிமுத்து அவர்களிடம் ஒரு வார்த்தை நிற்கிறது."

எழுந்து பேசினார். தாத்தாவின் கிணற்றுப் பம்ப்பிலிருந்து தொடங்கினார். முதலாளியின் கண் கலங்கியது. உட்கார்ந்தார். பூங்கோதையின் கழுத்து மறுபடி அசைந்தது. இவர் மறுபடி விழுங்கினார். மறுபடி இவரையே கூப்பிட்டது. ஊழியர்களின் உழைப்பைப் பற்றிப் பேசினார். மூன்றாம் தடவையும் இவர்தான். இறைவனைப் பற்றிப் பேசினார். அதற்குள் மருத்துவமனை வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று தொண்டைக்காரி சொல்லி முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். இவ்வளவு நாள் காத்திருந்தது அந்தக் கைக்காகத்தான்.

வண்டி போன பிறகுதான் குடைய ஆரம்பித்தது. பயத்துக்கும் முன்னால் வந்தது ஆற்றாமைதான். அவள் என்ன வைத்திருந்தாள்? தெரியாமல் இருக்க முடியவில்லை. சோறு உண்ணப் போகாமல் ஒலிச் சோதனை அறைக்குப் போனார். பம்ப் பெட்டியில் இருந்தது. மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் ஆள் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"காலையில என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லைங்க சார்."

"எதையோ முழுங்கினியே. பாத்தேன்."

"பெருசா இருந்திருந்தா கூப்பிட்டிருக்குங்களே சார். கூப்பிடல. அப்ப எனக்கு வீண் சந்தேகம்னுதானே அர்த்தம்?"

அவள் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னாள். நாச்சிமுத்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கூப்பிடாததுக்குக் காரணம் உன்ற சந்தேகம் சின்னதுங்கறதில்ல. நான்... என்ற தொண்டையில இருந்தது நெசமில்ல, பூங்கோதை. சும்மா முழுங்கினேன்."

அவள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"காலையில கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாத்தனுங்க. சாதாரண வேகத்துல நல்லா இருக்குது. படுத்திருக்கறவர் பொசுக்குனு எந்திரிச்சா வேகம் கூடுமல்லங்க, அந்த வேகத்துல ஒரு சத்தம். ஒரே ஒரு தடவதான். மறுபடி ஓட்டறதுக்குள்ள கூட்டத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க."

பம்ப்பை நீரில் இறக்கி ஓட்டினாள். காதுக்கருவியை அவரிடம் கொடுத்தாள். வேகத்தைக் கூட்டக் கூட்ட, தகரத்தின் மேல் மணலைத் தூவுவது போல மெல்லிய ஓசை ஒன்று வந்தது. நாச்சிமுத்து இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்பிருந்தே, முப்பது வருடமாகப் பம்ப் செய்கிறவர். அந்த ஓசைக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். உரசும் இடத்தில் சூடாகும், ரத்தம் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போகும்.

பிரித்துப் பார்த்தார்கள். லென்ஸின் கீழே, தாங்கியின் இடுக்கில் ஒட்டியிருந்தது சிவப்பாக ஒரு துகள்.

இரண்டு பேரும் அவருடைய மோதிர விரலைப் பார்த்தார்கள்.

"முதலாளிக்கு போன் பண்ணுங்க சார்," என்றாள் பூங்கோதை. "நீங்களே பேசுங்க. ரெண்டாம் நம்பர் பம்ப்ப நேத்தே எல்லா வேகத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன், சுத்தமா இருக்குது."

முதலாளியே எடுத்தார். குரல் களைத்திருந்தது. ஒன்றாம் எண் வேண்டாம், பேரிங்கில் சத்தம் கேட்கிறது, இரண்டாம் எண் சுத்தமாக இருக்கிறது, அதை அனுப்புகிறோம் என்று நாச்சிமுத்து சொன்னார். துகளைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது முதலாளி குறுக்கிட்டார்.

"நல்ல வேளை, சாமி காப்பாத்துச்சு. யாரு, நம்ம அம்மிணி கண்டுபிடிச்சதாக்கும்?"

உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் குரலில், அத்தனை களைப்பிலும், 'நம்ம அம்மிணி' என்று ஒரு வாஞ்சை இருந்தது. பம்ப் என்றதும், காது என்றதும், உயிர் என்றதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள்தானா?

"இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "நான்தாங்க. கூட்டம் முடிஞ்சும் மனசு கேக்கல. திரும்ப வந்து ஓட்டிப் பாத்தேன்."

சொல்லும்போதே நிமிர்ந்து பார்த்தார். பூங்கோதையின் கழுத்து ஒரே ஒருமுறை ஏறி இறங்கியது. பட்டை கட்டியிருக்கவில்லை.

முதலாளி பிழைத்தார். இரண்டாம் எண் பம்ப் அவர் நெஞ்சுக்குள் நன்றாக ஓடியது. மருத்துவமனையிலிருந்தே உத்தரவு வந்தது. தலைமாட்டு நாற்காலியை மறுபடி போட வேண்டும், நாச்சிமுத்துதான் கூட்டத்தை நடத்த வேண்டும், சம்படம் மேசையின் நடுவில் இருக்கட்டும். எல்லோரும் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். சரோஜினி கேசரி செய்தார்.

முதல் திங்கட்கிழமை, டீ வந்தது, கூட்டம் தொடங்கியது.

"பூங்கோதை அவர்களிடம் ஒரு வார்த்தை நிற்கிறது."

அவள் எழுந்து இரண்டாம் கட்ட உற்பத்தி பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே மறுபடி, "பூங்கோதை அவர்களிடம் ஒரு வார்த்தை நிற்கிறது." வேறு எதையோ சொன்னாள். மறுபடி அதே. சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும். இமானுவேல் வந்து அவள் பட்டையை மாற்றிக் கொடுத்தார். சம்படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்றார். நிறுத்தி வைக்க முடியுமா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, முதலாளியின் அனுமதி வேண்டும் என்றார்.

நாச்சிமுத்துவை அது இப்போது கூப்பிடுவதே இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட அவர் தொண்டை வரை ஏறி வரவில்லை. அவளிடம் வாரக்கணக்காகத் தீராத ஒன்று இருக்கிறது, தன்னிடம் ஒன்றுமில்லை என்பது அவருக்கு உறைத்தது. அதற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது. என்ன செய்ய, சிலருக்கு மனசு அப்படி. "வேற ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுவார்.

மழைக்காலம் முடிந்து முதலாளி கூட்டத்துக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் படியைத் தானே ஏறினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கூட்டம் நன்றாகவே நடந்தது. தொண்டைக்காரி பூங்கோதையைக் கூப்பிட்டாள், அவள் ஏதோ சொன்னாள், மறுபடி கூப்பிட்டாள். முதலாளி சம்படத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

நாச்சிமுத்து இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றிப் பாதி எழுந்தார். "வேற ஏதாவது?"

மற்றவர்கள் எழத் தொடங்கினார்கள். முதலாளி அசையவில்லை.

"உக்காருங்க நாச்சிமுத்து."

"இல்லீங்க, நீங்க ஓய்வெடுக்கோணும்..."

"எனக்கு இப்ப என்ன அவசரம்? ஓடறது பம்ப், நானில்ல." அவர் பூங்கோதையின் பக்கம் திரும்பினார். "எத்தன நேரமானாலும் சரி, அம்மிணி. டீ ஆறினா வேற டீ சொல்லிக்கலாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கறேன்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். பூங்கோதை கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையின் முடிச்சை அவிழ்த்து, அதை மேசைமேல் வைத்தாள். இனி யாரும் கூப்பிடத் தேவையில்லை என்பது போல முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"ஐயா," என்றாள்.

எல்லாம் போகப்போகிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது முதலாளியின் முகத்தைத்தான். இருபது வருடத்தில் இந்த மனுசன் எனக்காக ஒரு நாளும் இப்படிக் காத்திருந்ததில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றியது.